திரையில் நின்ற குதிரை

கேமராக் கடையின் கண்ணாடிக் கதவை அவள் தள்ளிய வேகத்தில், மேலே தொங்கிய மணி அடிப்பதை விட்டுவிட்டுக் கீழே விழுந்தது.

"மணியை நான் பொறுக்கிக்கறேன். நீங்க கேள்வியைக் கேளுங்க பாஸ்" என்றான் பின்னால் வந்தவன்.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் மிளகாய் என்றே சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை என்றாலும் அவளுக்கு அது தெரியும். துப்பறியும் தொழிலுக்கு வேண்டியவை பொறுமையும் மூளையும் என்பார்கள். அவளிடம் இரண்டாவது மட்டும் இருந்தது. அவளுடைய உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை, இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்றால் போதும்.

இன்று அவள் வழக்கத்தைவிட அதிகமாகவே கொதித்துக்கொண்டிருந்தாள். காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அழவில்லை. கையிலிருந்த பையை மட்டும் பிழிந்து கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் குதிரையைத் திருடிட்டாருன்னு உள்ளே வச்சிருக்காங்க. அவர் திருடலைன்னு நான் சொல்லிப் பிரயோசனமில்லை, அதை நீங்க கண்டுபிடிங்க. ஆனா ஸ்டேஷன்ல வச்சு அவரை அறைஞ்சிருக்காங்கம்மா. அதை என்னால தாங்க முடியலை."

மிளகாய்க்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

வழக்கு சின்னதுதான். ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணை. அங்கே செவலை என்றொரு பெண் குதிரை, பண்ணைக்கே பெருமை சேர்த்தது. அதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கணவர்தான் பண்ணையின் டிரைவர். பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, அதில் செவலையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். டிரெய்லருக்குள் ஒரு வயர்லெஸ் கேமரா. டிரைவரின் கண் முன்னால், வண்டியின் முகப்பில், ஒரு சின்னத் திரை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் டீ குடிக்க நிறுத்தினார். போய்ச் சேர்ந்து டிரெய்லர் கதவைத் திறந்தால், உள்ளே வைக்கோல் மட்டும் இருந்தது.

"வழியெல்லாம் திரையில குதிரையைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்று டிரைவர் சத்தியம் செய்தார். போலீஸ் கேமராவைப் போட்டுப் பார்த்தது. அது கண்ணாடி மாதிரி வேலை செய்தது. கேமரா சரியாக இருந்தால் காலி டிரெய்லர் காலியாகத்தானே தெரிந்திருக்கும்? ஆக, மனுஷன் சொல்வது பொய். 'மெஷின் பொய் சொல்லாது' என்று இன்ஸ்பெக்டர் முடித்துவிட்டார்.

"மெஷின் பொய் சொல்லாதாம்!" என்று மிளகாய் இப்போது கடைக்காரரிடம் சீறினாள், ஏதோ அவர்தான் அதைச் சொன்னது போல. "பண்ணைக்கு நீங்க வித்த கேமரா எது? எதுக்கு அதை எடுத்தாங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க."

கடைக்காரர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "என் சாமான்ல குறையே இல்லைங்க."

"குறை இருக்குன்னு நான் சொல்லலை. என்ன கேட்டு வாங்கினாங்கன்னுதான் கேட்டேன்."

அவர் மேஜையில் மூன்று பெட்டிகளைப் பரப்பினார். வியாபாரம் பேச ஆரம்பித்ததும் குரலில் தெம்பு வந்துவிட்டது.

"பண்ணை அம்மாவோட தம்பி வந்திருந்தார், சின்னவர்னு சொல்லுவாங்க. கூடவே அந்த டிரைவரும். முதல்ல இதைக் காமிச்சேன், படம் நேரா போனுக்கு வரும். ஓட்டும்போது யாராவது கூப்பிட்டா குதிரை போயிடும், கூப்பிட்டவர் பேரு வந்துடும், வேணாம்னுட்டார். சரின்னு இதைக் காமிச்சேன். நல்ல சாமான், அகலமாத் தெரியும், இருட்டுலயும் தெரியும், கார்டு போட்டா ரெக்கார்டும் ஆகும்."

"எடுக்கலை?"

"எடுக்கலை. மூணாவதுதான் பிடிச்சுது. இதுக்குப் போன் வேண்டாம், டவர் வேண்டாம், கூடவே ஒரு திரை வரும். ஆனா ரெக்கார்டு கிடையாது. நானே சொன்னேன், ரெக்கார்டு இருந்தா நல்லதுன்னு. 'குதிரை உள்ளே உக்காந்து என்ன சதி பண்ணப் போகுது'ன்னு சிரிச்சார்."

ரேடியோ பெட்டியைப் புரட்டிப் பார்த்தான். "டிரெய்லர்லயே கதையை முடிச்சிட்டாங்க பாஸ். மெயின் படத்துக்குக் குதிரையே இல்லை."

"வாயை மூடு. எவ்வளவு தூரம் எடுக்கும் இது?"

"நடுவுல தகரம் இல்லேன்னா நல்லாவே எடுக்கும். டிரெய்லர் முழுக்கத் தகரமாச்சே, அதனால ஆன்டெனாவை வெளியே நீட்டி வைக்கணும். அப்பவும் கூப்பிட்டாக் கேக்கிற தூரம்தான். அதுக்கு மேல போனாப் படம் கோடு கோடா ஆகி நின்னுடும். அதே மாதிரி, ஒரே திரையில நாலு கேமரா வரைக்கும் சேத்துக்கலாம். பொத்தானை அழுத்தினா ஒண்ணு, ரெண்டுன்னு மாறும். அணைச்சுப் போட்டா மறுபடி ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். ஒரே கேமராவை ரெண்டு திரையில வேணும்னாலும் பாக்கலாம். பெரிய பண்ணைக்கெல்லாம் வசதி."

"வித்த பிறகு ஏதாவது குறை சொன்னாங்களா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். கேமரா எரிஞ்சு போச்சுன்னு வந்து, அதே மாடல்ல இன்னொரு செட்டு வாங்கிட்டுப் போனாங்க."

மிளகாயின் கை பெட்டி மேலேயே நின்றது. "எரிஞ்சதைத் திருப்பிக் கொடுத்தாங்களா?"

"இல்லீங்க. வாரண்டி இருக்கு, பழசைக் கொண்டாங்க, சும்மாவே மாத்தித் தர்றேன்னேன். அதைத் தூக்கிப் போட்டாச்சுன்னு சொல்லி, புதுசாவே வாங்கிட்டுப் போனார்."

"வாரண்டியைத் தூக்கிப் போட்ட மனுஷனை நான் இன்னைக்குத்தான் கேள்விப்படறேன்" என்றான் ரேடியோ. "எங்க வீட்ல போன மிக்ஸியோட வாரண்டி கார்டு இன்னும் பீரோல இருக்கு."

மிளகாய் அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னது சரி. எரிந்து போனது என்பது கதை. பண்ணையில் ஒன்றுக்கு இரண்டு கேமரா இருக்கிறது. "யார் வந்து வாங்கினது?"

"அந்த டிரைவர்தாங்க."



"நம்ம டிரைவரா?" என்றான் ரேடியோ மெதுவாக. "நாம யாரைக் காப்பாத்தணும்னு கிளம்பினோமோ அந்த டிரைவரா?"

மிளகாய் கதவை நோக்கி நடந்தாள். இதுவரை இன்ஸ்பெக்டர் மேல் இருந்த கோபம், வழியிலேயே திசை மாறி, தன் கட்சிக்காரர் மேல் திரும்பிக்கொண்டிருந்தது. கடைக்காரர் முந்திக்கொண்டு ஓடி வந்து கதவைத் திறந்து பிடித்தார்.

*

போலீஸ் ஸ்டேஷனில் டிரைவர் கம்பிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோள்பட்டை அகலமான ஆள். கீழுதடு வெடித்து, இடது கன்னம் வீங்கியிருந்தது.

மிளகாய் நலம் விசாரிக்கவில்லை. "ரெண்டாவது கேமரா எங்கே?"

அவர் நிமிர்ந்தார். யார் நீ என்று கேட்கவில்லை. "எந்த ரெண்டாவது கேமரா?"

"நீங்க வாங்கினது. கடைக்காரர் உங்க முகத்தை மறக்கலை. உங்க சம்சாரம் காலையில என் வாசல்ல பையைப் பிழிஞ்சுகிட்டு நிக்கிறாங்க. நீங்க இங்க உக்காந்து என் காதுல பூ சுத்தறீங்க!"

"அவளை யாரு உங்ககிட்ட வரச் சொன்னது?"

"அண்ணே, அந்தக் கேள்வியை வீட்டுக்குப் போய் அவங்ககிட்டயே கேளுங்க, நாங்க நடுவுல வரலை" என்றான் ரேடியோ. "இப்போ இவங்க கேக்கறதுக்குச் சொல்லிடுங்க. இவங்க கோபத்துக்குக் கம்பியெல்லாம் தாங்காது."

டிரைவர் நீண்ட மூச்சு விட்டார். "நான்தான் வாங்கினேன். தேவைப்பட்டுச்சு, வாங்கினேன். அவ்வளவுதான்."

அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவர் வாயைத் திறப்பதாக இல்லை. மிளகாய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி. டீ குடிக்க நிறுத்தினீங்களே, அங்கேர்ந்து சொல்லுங்க. டீ குடிச்சிட்டு வந்து டிரெய்லர் கதவைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்லை. கதவைத் திறந்தா அது மிரளும். இறங்கிப் பாக்கற வேலையே வேண்டாம்னுதானே கேமராவே வச்சது? அணைக்காம விட்டுட்டுப் போன திரையைப் பாத்தேன். நின்னுக்கிட்டு, பேசாம புல்லைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. கிளம்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வண்டி லேசா ஓடற மாதிரி இருந்துச்சு. வேகத்தடையில பின்னால டிரெய்லர் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. என்னடா இது, குதிரை ஏத்தின வண்டி இப்படித் துள்ளாதேன்னு நினைச்சேன். திரையைப் பாத்தா குதிரை நிக்குது." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஸ்டீயரிங் பிடிச்ச கை. கை சொன்னதை நம்பாம அந்தச் சனியன் பிடிச்ச டப்பாவை நம்பினேன். என்னைச் செருப்பால அடிக்கணும்."

"ஏற்கெனவே கையால அடிச்சிட்டாங்க, போதும். படம் கடைசி வரைக்கும் தெரிஞ்சுதா?"

"வாங்கினவங்க கேட்டுக்கு முன்னால ஒரு வளைவு இருக்கு. அங்க போச்சு. கோடு கோடா வந்து நின்னுடுச்சு."

மிளகாய் ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ விசில் அடிக்க வாயைக் குவித்து, இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

"இன்னொண்ணு. உள்ளே புல்லு நீங்க கட்டினதா?"

"நான் ஏன் கட்டறேன்? போன உடனே வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாப்பாங்க, வெறும் வயிறாக் கொண்டு வாங்கன்னு அங்கேர்ந்து சொல்லியிருந்தாங்க. நான் ஒரு துரும்பு கூட..."

அவர் நிறுத்தினார்.

"அப்போ திரையில அது எந்தப் புல்லைத் தின்னுச்சு?"

டிரைவர் முகம் மூடிக்கொண்டது. "யாரோ கட்டியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"ரோட்டுல போற வர்றவங்க குதிரைக்குப் புல்லுக் கட்டிட்டுப் போவாங்களா? யாரோன்னா யாரு? உங்க பின்னால யார் வண்டி வந்துச்சு?"

"ரோடுன்னா ஆயிரம் வண்டி வரும்."

"யாரைக் காப்பாத்தறீங்க?"

"நீங்க போங்கம்மா." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "எனக்கும் கோபம் இருக்கு. உங்களைவிட நிறையவே இருக்கு. அதை எங்கே வைக்கணும்னு எனக்குத் தெரியும். போங்க."

மிளகாய் எழுந்தாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம், "அவரை யாரு அறைஞ்சது? நீங்களா, உங்க இன்ஸ்பெக்டரா?" என்றாள்.

"ஐயோ, நாங்க கை வைக்கலை மேடம். பண்ணைச் சின்னவர் வந்தார். நேத்துக் காலையில. 'எங்க குதிரையை எங்கடா வித்தே'ன்னு கேட்டுக்கிட்டே ஓங்கி ஒண்ணு விட்டார். பாவம், ஆத்திரம்."

"இன்ஸ்பெக்டர் எங்க இருந்தார்?"

"இங்கதான்..."

இன்ஸ்பெக்டரே உள்ளறையிலிருந்து வந்தார். "பெரிசு பண்ணாதீங்க மேடம். குதிரையைப் பறிகொடுத்தவர். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டார்."

"உங்க காவல்ல இருக்கிற ஆளை, வெளியாள் வந்து அடிச்சிட்டுப் போறான். நீங்க நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. இதுக்குப் பேரு ஸ்டேஷனா, சர்க்கஸா?"

"ஆதாரத்தோட வாங்க, பேசலாம். அந்த மெஷின்..."

"மெஷின் பொய் சொல்லலை சார். மனுஷனும் சொல்லலை. ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க. அதைப் புரிஞ்சுக்கற மூளைதான் இங்க இல்லை."

இன்ஸ்பெக்டர் பதில் யோசிப்பதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள்.

*

காரில் ஏறியதும் ரேடியோ கேட்டான். "பாஸ், இன்ஸ்பெக்டரைக் கலாய்ச்சது நல்லா இருந்துச்சு. ஆனா ரெண்டு பேரும் உண்மை சொல்றாங்கன்னா எனக்குப் புரியலையே. குதிரை இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. அவர் பாத்தது செவலையைத்தான். ஆனா அவரோட டிரெய்லர்ல இல்லை."

"பின்னே?"

"அவர் டீ குடிக்கப் போனப்போ எவனோ குதிரையை இறக்கி, தன்னோட டிரெய்லர்ல ஏத்திட்டான். அங்க ரெண்டாவது கேமரா. முன்னாடி வண்டித் திரையில பொத்தானை அழுத்தி, ஒண்ணை ரெண்டா மாத்திட்டான். இவர் காலி டப்பாவை இழுத்துக்கிட்டு முன்னால போறார். குதிரை வேற வண்டியில, கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல பின்னாலயே வருது. கொஞ்சம் விலகினாலும் படம் நின்னுடும், இவர் இறங்கிப் பாத்துடுவார். இருட்டற வரைக்கும் சந்தேகமே வராம, வெகு தூரம் தாண்டிப் போயிடணும். எங்க தொலைஞ்சுதுன்னே யாருக்கும் தெரியக்கூடாது. அதுக்காகக் கடைசி வளைவு வரைக்கும் கூடவே வந்து, அங்கேர்ந்து திரும்பிட்டான்."

ரேடியோ கொஞ்ச தூரம் பேசாமல் வண்டி ஓட்டினான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

"அப்போ அவர் வண்டியை ஓட்டிக்கிட்டே, திருடனோட வண்டியைத்தான் டிவில பாத்துக்கிட்டுப் போயிருக்கார்."

"ஆமா. அந்தத் திருடன் யாருன்னும் அவருக்குத் தெரியும். அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. வேகமாப் போ."

"எங்க?"

"பண்ணைக்கு. பிக்கப் வண்டியை போலீஸ் காலையில அங்க திருப்பி விட்டுட்டாங்க. அந்தத் திரையில ரெண்டாம் நம்பர்னு ஒண்ணு சேத்து வச்சிருந்தாப் போதும். படமே வரவேண்டாம். ரெண்டுன்னு ஒரு நம்பர் வந்தாப் போதும், இன்ஸ்பெக்டர் மூக்கை உடைச்சிடலாம்."

*

பண்ணை முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. சுற்றிலும் லாயங்கள், தண்ணீர்த் தொட்டிகள், தூரத்து மூலையில் பூட்டிய பழைய கொட்டகை ஒன்று. அதன் கதவில் 'தொற்று நோய், யாரும் வரக்கூடாது' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. பிக்கப்பும் டிரெய்லரும் முற்றத்தின் நடுவில் நின்றன.

பண்ணை அம்மா முழங்கால் வரை ஏறிய ரப்பர் பூட்ஸோடு வந்தார். பக்கத்தில் தம்பி. முப்பது வயதுக்காரர். கண்கள் சிவந்து, தாடி மழிக்காமல், இழவு வீட்டுக்காரர் போல இருந்தார்.

"யார் அனுப்பினாங்க உங்களை?" என்றார் சின்னவர். "அந்தத் திருட்டுப் பயலோட பொண்டாட்டியா?"

"மரியாதையாப் பேசுங்க. நான் பேசற மரியாதையும் அதைப் பொறுத்துத்தான் இருக்கு." மிளகாய் பண்ணை அம்மாவிடம் திரும்பினாள். "வண்டிச் சாவி வேணும்மா. கேமராவைப் போட்டுப் பாக்கணும்."

"அதான் போலீஸ் பாத்தாச்சே" என்றார் சின்னவர். "எத்தனை தடவை பாத்தாலும் காலி டிரெய்லர்தான் தெரியும். அக்கா, இவங்களை அனுப்பிடு."

பண்ணை அம்மா தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார். "பாக்கட்டுமே. அவன் நம்மகிட்ட இருபது வருஷமா இருக்கான். எனக்கும் மனசு ஆறலை."

மிளகாய் டிரைவர் இருக்கையில் ஏறினாள். பண்ணை அம்மா ஜன்னலோரம் வந்து நின்றார். திரை ஒளிர்ந்தது. காலி டிரெய்லர், வைக்கோல், அதன் நடுவில் எப்போதோ உள்ளே ஏறிவிட்ட ரேடியோ. கேமராவைப் பார்த்துக் குதிரை மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"பாத்தீங்களா? நல்லா வேலை செய்யுது" என்றார் சின்னவர். "போதும், இறங்குங்க. பேட்டரி தீந்துடும்."

"பேட்டரி மேல இருக்கிற அக்கறை டிரைவர் மேல இருந்திருக்கலாம்" என்றபடி அவள் பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுத்தது. மூலையில் '2' என்று ஓர் எண் வந்தது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வெற்றியோடு திரும்பி வாயைத் திறந்தாள்.

அவள் பேசுவதற்குள், திரையில் படம் வந்தது.

சிவந்த நிறத்தில், நெற்றியில் வெள்ளைக் கீற்றோடு ஒரு குதிரை, வலைப்பையிலிருந்து புல்லை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"செவலை!" பண்ணை அம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

எங்கோ வெளியூரில் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்த குதிரை அவள் முன்னால் மென்றுகொண்டிருந்தது.

"அது... அது பழைய படம்" என்றார் சின்னவர். "முன்னாடி எப்பவோ ரெக்கார்டு ஆனது. மெஷின்ல தங்கியிருக்கும்."

"இதுல ரெக்கார்டு ஆகாது. கடைக்காரர் சொல்லியும் ரெக்கார்டு ஆகாததைத்தான் தேடி எடுத்தீங்க. மறந்துடுச்சா?" மிளகாய் கீழே இறங்காமலே கத்தினாள். "ரேடியோ! வந்து ஹாரனை அடி! நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்!"

ரேடியோ டிரெய்லரிலிருந்து குதித்து ஓடி வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அமுக்கினான். முற்றமே அதிர்ந்தது. லாயங்களில் குதிரைகள் கனைத்தன.

திரையில் செவலை தின்பதை நிறுத்தியது. இரண்டு காதும் ஒரே பக்கம் திரும்பின. தலையைத் தூக்கிச் சத்தம் வந்த திசையைப் பார்த்தது.

"இன்னொரு தடவை."

ஹாரன். காதுகள் மறுபடி துடித்தன.

பண்ணை அம்மா மெதுவாகத் திரும்பி, மூலையிலிருந்த பூட்டிய கொட்டகையைப் பார்த்தார். "அங்க இருமல் வந்த மட்டக்குதிரையைக் கட்டியிருக்கேன், யாரும் போகாதீங்கன்னு நீதானேடா சொன்னே?"

சின்னவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சாவியைக் குடு."

"அக்கா..."

"குடுடா!"

அவர் எடுத்த சாவி கைமாறவில்லை, தரையில் விழுந்தது. ரேடியோ அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். கதவு திறந்ததும் உள்ளே பண்ணையின் சின்ன டிரெய்லர் நிழலில் நிற்பது தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் செவலை.

"உன்கிட்ட சொல்லாம வித்தேனா?" என்றார் பண்ணை அம்மா. "என்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்க்கா! அது பிறந்த அன்னைக்கு அதைத் துடைச்சு நிக்க வச்சவன் நான். விக்க வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன். நீ போன்ல பேசிக்கிட்டே தலையை ஆட்டினே. கேக்கக்கூட இல்லை."

பண்ணை அம்மா செவலையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிளகாய் இறங்கி வந்து சின்னவர் முன்னால் நின்றாள். இத்தனை நேரம் கத்தியவளின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. ரேடியோ அதைக் கேட்டு இரண்டடி பின்வாங்கினான். அவள் கத்தாமல் பேசினால்தான் ஆபத்து.

"வெறும் வயித்தோட அதைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு உத்தரவு. உங்களுக்கு மனசு கேக்கலை. பசிக்குமேன்னு வழியிலேயே புல்லுக் கட்டினீங்க. அந்தப் புல்லுதான் உங்களைக் காட்டிக் குடுத்துச்சு. இங்க கொண்டு வந்த பிறகும் தனியா இருந்தாப் பயப்படும்னு, கேமராவை வச்சு, ரெண்டாவது செட்டோட வந்த திரையில உங்க ரூம்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. நல்ல மனசுதான். குதிரை பசி தாங்காதுன்னு தெரியுது, தனிமை தாங்காதுன்னு தெரியுது. அந்த மனுஷன் கம்பிக்குப் பின்னால தனியா உக்காந்திருந்தாரே. அவரைப் பாக்க எந்தக் கேமரா வச்சிருந்தீங்க?"

"ரெண்டு நாள்ல ஏதாவது பண்ணி வெளியே எடுத்துடலாம்னு..."

"அதுக்குத்தான் போய் அறைஞ்சீங்களா?"

சின்னவர் தலை குனிந்தது. பண்ணை அம்மா தம்பியைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "நீ அவனை அறைஞ்சியா?"

சின்னவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏறு வண்டியில" என்றார் அவர்.

*

ஸ்டேஷன் வாசலில் இஸ்திரிக்கார மனைவி நின்றிருந்தாள். ரேடியோ போன் செய்து வரவழைத்திருந்தான். உள்ளே இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். சங்கடமாக இருக்கும்போது அவர் சட்டைப் பொத்தான்களைத் தொட்டுப் பார்ப்பவர் போலிருக்கிறது. எல்லாப் பொத்தானையும் தொட்டு முடித்துவிட்டார்.

டிரைவர் வெளியே வந்தார். எதிரே சின்னவரைப் பார்த்ததும் நின்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் மிளகாய்.

"அங்க போய்க் கதவைத் திறந்ததும் தெரிஞ்சுடுச்சும்மா. கேமராவை என்னை வாங்கி வரச் சொன்னது அவர். பின்னால சின்ன டிரெய்லரோட வந்ததும் அவர், கண்ணாடியில பாத்தேன். ஏதோ பாதுகாப்புக்கு வர்றாருன்னு நினைச்சேன்." அவர் சின்னவரைப் பார்க்காமலே பேசினார். "ஆத்திரத்துல பண்ணிட்டான், விடிஞ்சதும் வந்து சொல்லிடுவான்னு உக்காந்திருந்தேன். விடிஞ்சதும் வந்தான். வந்து அறைஞ்சான்."

"அதுக்கப்புறமும் ஏன் சொல்லலை?" மிளகாயின் கோபத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

"என் வாயால சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அவன் வாயால வரட்டும்னு."

அவர் மனைவி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது நேராக இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனாள். "ஒரு பேப்பர் குடுங்க. உங்க ஸ்டேஷனுக்குள்ள எங்க வீட்டுக்காரரை அடிச்சதுக்கும், நீங்க பாத்துக்கிட்டு இருந்ததுக்கும் புகார் எழுதணும்."

"அதான் முடிஞ்சு போச்சேம்மா..." என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

"பேனாவும் குடுங்க."

மிளகாய் தன் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இன்று முழுவதும் அவள் செய்த காரியங்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பண்ணை அம்மா முன்னால் வந்தார். "எங்களை மன்னிச்சுடு. நாளைக்கே வேலைக்கு வந்துடு. நீ இல்லாம..."

டிரைவர் கை கூப்பி அவரை நிறுத்தினார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

சின்னவர் தாங்கமாட்டாமல் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். "அண்ணே! போலீஸ் என் மேல சந்தேகப்படக்கூடாதுன்னுதான் அப்படி நடந்துக்கிட்டேன். சின்ன வயசுல உங்க தோள் மேலதானே உக்காந்து குதிரை பாத்தேன். என்னை என்ன வேணா பண்ணுங்கண்ணே. திருப்பி அடிங்க. ஏதாவது பேசுங்க."

டிரைவர் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். முதன்முறையாகச் சின்னவரை நேருக்கு நேர் பார்த்தார்.

"அண்ணேன்னு கூப்பிடாதீங்க சார்" என்றார். "டிரைவர்னு கூப்பிடுங்க."

மனைவி எழுதி முடித்து வந்தாள். இருவரும் படி இறங்கித் தெருவில் நடந்தார்கள். சின்னவர் அங்கேயே நின்று, கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். யாரும் அவரை அடிக்கவில்லை.